வில்லியம் ஹென்றி ஸ்லீமன்

சர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன் (ஆகஸ்ட் 8, 1788 - பெப்ரவரி 10, 1856) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய படை அதிகாரியும் நிர்வாகியும் ஆவார். வழிப்பயணிகளின் கழுத்தை இறுக்கிக் கொன்று கொள்ளையடித்து வந்த தக்கர் கூட்டங்களைப் பற்றி ஆராய்ந்து, அவற்றை ஒடுக்கியவர் என்ற முறையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். கொன்றவர் யார் என்பது பல பத்தாண்டுகளாக அறியப்படாமலும், பல இடங்களில் கொலை நடந்ததே அறியப்படாமலும் இருந்த தொடர் கொலைகளை, பிடிபட்ட கொலையாளிகளின் வாக்குமூலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இவர் வெளிக்கொணர்ந்தார். இவர் தலைமை வகித்த துறை பிற்கால இந்தியப் புலனாய்வு அமைப்புகளுக்கு முன்னோடியாக அமைந்தது. அதே வேளையில், ஒருவர் செய்த குறிப்பிட்ட குற்றத்தை மெய்ப்பிக்காமல், அவர் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவே தண்டிக்கும் சட்டம் உருவாகவும் இவரது பணி காரணமாயிற்று. இதனால் இவரைப் பற்றி வரலாற்றாளர்களிடையே இருவேறு மதிப்பீடுகள் நிலவுகின்றன.

இளமையும் படைப்பணியும்

ஸ்லீமன் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் பகுதியின் ஸ்ட்ராட்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பிலிப் ஸ்லீமன் சுங்கத் தீர்வை மேற்பார்வையாளராக இருந்தார். 1809-ஆம் ஆண்டில் ஸ்லீமன் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 1814 முதல் 1816 வரை நடந்த நேபாளப் போரில் பங்கேற்றார்.

மொழிகளைக் கற்பதில் இவருக்கு மிகுந்த ஆர்வம் இருந்தது. இந்துஸ்தானி, பாரசீகம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி பெற்றார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றிக் குற்றவாளிகளிடமும் குடியானவர்களிடமும் நேரில் பேசக்கூடிய இத்திறமையே பின்னாளில் இவரது விசாரணைகளுக்குப் பெருந்துணையாக இருந்தது.

1820-ஆம் ஆண்டில் இவர் படைப்பணியிலிருந்து நிர்வாகப் பணிக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் ஆங்கிலேய-மராத்தியப் போரின் முடிவில் கம்பெனியின் வசம் வந்திருந்த சாகர்-நர்மதைப் பகுதிகளில், தலைமை ஆளுநரின் முகவருக்கு உதவியாளராக இவர் அமர்த்தப்பட்டார். இப்பகுதி இன்றைய மத்தியப் பிரதேச மாநிலத்தில் அடங்கும்.

தக்கரும் அவர்களது கொலைமுறையும்

தக் என்ற இந்திச் சொல்லுக்கு ஏமாற்றுபவன் என்று பொருள். இக்கூட்டத்தார் ஆண்டின் ஒரு பகுதியில் தத்தம் ஊர்களில் உழவர்களாகவும் சிறு தொழில் செய்பவர்களாகவும் வாழ்ந்தனர். மழைக்காலம் முடிந்ததும் குழுக்களாகப் பிரிந்து நெடுஞ்சாலைகளில் பயணம் மேற்கொண்டனர். வணிகர், யாத்திரிகர், விடுப்பில் ஊர் திரும்பும் சிப்பாய்கள், பிறருடைய பணத்தைச் சுமந்து செல்வோர் ஆகியோருடன் வழித்துணையாகச் சேர்ந்துகொண்டு, சில வேளைகளில் பல நாட்கள் உடன் நடந்து அவர்களது நம்பிக்கையைப் பெற்றனர். தகுந்த இடம் வந்ததும் தலைவன் ஒரு குறிப்புச் சொல்லைக் கூறுவான். உடனே ஒருவன் பயணியின் கை கால்களைப் பற்றிக்கொள்ள, மற்றொருவன் உருமால் எனப்படும் துணியால் கழுத்தை இறுக்கிக் கொல்வான். உடல்கள் முன்கூட்டியே தோண்டப்பட்ட குழிகளில் புதைக்கப்படும் அல்லது கிணறுகளில் எறியப்படும்.

கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேலை இருந்தது. பயணிகளிடம் இனிமையாகப் பேசி அழைத்து வருபவர், கழுத்தை இறுக்குபவர், குழி தோண்டுபவர், சுற்றுப்புறத்தைக் கண்காணிப்பவர் எனப் பிரிந்து செயல்பட்டனர். இந்துக்களும் முசுலிம்களும் ஒரே கூட்டத்தில் இருந்தனர். இரு சமயத்தவரும் காளியை வழிபட்டனர் என்று பிடிபட்ட பலர் கூறியுள்ளனர். ரமாசி எனப்பட்ட குழூஉக்குறி மொழி ஒன்றும் இவர்களிடையே வழங்கியது.

இக்கொலைகள் நீண்ட காலம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததற்குப் பல காரணங்கள் இருந்தன. கொலை செய்யப்பட்டவர்கள் கொலை நடந்த இடத்துக்கு அன்னியர்கள். அவர்கள் ஊர் திரும்பவில்லை என்பது வீட்டாருக்குத் தெரியவே பல மாதங்கள் ஆகும். வழியில் நோயினாலோ, காட்டு விலங்கினாலோ இறந்திருக்கலாம் என்று உறவினர் எண்ணிக்கொள்வர். உடன் சென்ற அனைவருமே கொல்லப்பட்டதால் நேரில் கண்ட சாட்சி எவரும் எஞ்சுவதில்லை. நடு இந்தியா பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்ததால், ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் துரத்தி வருவோர் எவரும் இல்லை. சில ஜமீன்தார்கள் கொள்ளையில் பங்கு பெற்றுக்கொண்டு இவர்களுக்குப் புகலிடம் அளித்தனர்.

ஸ்லீமனுக்கு முந்தைய விசாரணைகள்

தக்கரைப் பற்றி முதன்முதலில் அறிந்தவர் ஸ்லீமன் என்று பரவலாகக் கருதப்பட்டாலும், அவருக்கு முன்பே இருவேறு இடங்களில் விசாரணைகள் நடந்துள்ளன. அவற்றுள் ஒன்று அன்றைய சென்னை மாகாணத்தில் நடந்ததாகும்.

1807-ஆம் ஆண்டை ஒட்டி, அப்போது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த சித்தூரில், வில்லியம் ரைட் என்ற நீதிபதி கழுத்தை இறுக்கிக் கொல்லும் கூட்டத்தினர் பலரைப் பிடித்தார். ஆற்காட்டுக்கு வடக்கே இருந்த பாளையங்களில் பாளையக்காரர்களின் பாதுகாப்பில் இவர்கள் வாழ்ந்து வந்தனர். தென்னிந்தியாவில் இவர்கள் பான்சிகர் என்று அழைக்கப்பட்டனர். பான்சி என்பதற்குச் சுருக்குக் கயிறு என்று பொருள். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராகப் பணியாற்றிய ரிச்சர்டு ஷெர்வுட் இவர்களைப் பற்றி 1816-இல் ஒரு கட்டுரை எழுதினார். தமிழில் இவர்களுக்கு அரி துலுக்கர் என்ற பெயர் வழங்கியதாக அதில் குறித்துள்ளார். கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கிய பெயர்களையும் அவர் தந்துள்ளார். இக்கட்டுரை 1820-இல் கல்கத்தாவின் ஆசியவியல் ஆய்விதழில் மறுபதிப்பு செய்யப்பட்டது. வடக்கே தக்கர் எனப்படுவோரும் தெற்கே பான்சிகர் எனப்படுவோரும் ஒரே வகையினர் என்ற கருத்தை அது ஆங்கிலேய அதிகாரிகளிடையே பரப்பியது.

இரண்டாவது விசாரணை யமுனைக் கரையில் உள்ள எட்டாவாவில் நடந்தது. அங்கு நீதிபதியாக இருந்த தாமஸ் பெரி, கிணறுகளில் தொடர்ந்து கிடைத்த அடையாளம் தெரியாத பிணங்களைப் பற்றி 1809 முதல் ஆராய்ந்தார். 1810-இல் பிடிபட்ட ஒருவன் தக்கர் கூட்டத்தைப் பற்றிய விவரங்களைத் தெரிவித்தான். எனினும் குற்றவாளி ஒருவன் அளிக்கும் சாட்சியத்தை மட்டுமே கொண்டு பிறரைத் தண்டிக்க அன்றைய நீதிமன்றங்கள் இடமளிக்கவில்லை. பிடிபட்ட பலர் விடுவிக்கப்பட்டனர். 1812-ஆம் ஆண்டில் சிந்தவுஸ் என்ற பகுதியில் தக்கருக்கு எதிராகப் படை அனுப்பப்பட்டது. அதன் விளைவாகத் தக்கர் அங்கிருந்து சிதறி, புந்தேல்கண்டு உள்ளிட்ட பகுதிகளில் குடியேறினர். கொலைகள் நிற்கவில்லை, நடக்கும் இடங்களே மாறின.

நரசிங்கபூர்

1822 முதல் 1824 வரை ஸ்லீமன் நர்மதைப் பள்ளத்தாக்கில் உள்ள நரசிங்கபூர் மாவட்டத்தின் நிர்வாகப் பொறுப்பை வகித்தார். தம் மாவட்டத்தில் நடக்கும் சிறு திருட்டு கூடத் தமக்குத் தெரியாமல் போகாது என்று அப்போது அவர் நம்பியிருந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் கிடைத்த வாக்குமூலங்கள் இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கின. அவரது நீதிமன்றத்திலிருந்து 400 கஜத்துக்கும் குறைவான தொலைவில் இருந்த கந்தேலி என்ற சிற்றூரில் தக்கர் கூட்டம் ஒன்று குடியிருந்தது. ஒரு நாள் நடைத் தொலைவில் இருந்த மண்டேசர் தோப்புகள், கொல்லப்பட்ட பயணிகள் புதைக்கப்படும் மிகப் பெரிய இடங்களுள் ஒன்றாக விளங்கின. அவர் அங்கு பணியாற்றிய அதே ஆண்டுகளிலும் கொலைகள் நடந்துவந்தன. இதனைத் தம் நூலில் ஸ்லீமன் தாமே வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளார். புகார் எதுவும் வராததால் குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று கொள்ள முடியாது என்பதே அவர் இதிலிருந்து பெற்ற பாடம். புகாருக்காகக் காத்திராமல், குற்றவாளியிடமிருந்து குற்றத்தை நோக்கிச் செல்லும் அவரது பிற்கால முறை இப்பட்டறிவுடன் நெருங்கிய தொடர்புடையது.

பெரிங்கியாவின் வாக்குமூலம்

1820-களின் இறுதியில் ஸ்லீமன் ஜபல்பூரில் பணியாற்றியபோது, பிடிபட்ட தக்கர் சிலர் உயிர்ப்பிச்சை பெற்று அரசுத் தரப்புச் சாட்சிகளாக, அதாவது அப்ரூவர்களாக மாறினர். அவர்கள் அளித்த தகவல்களைக் கொண்டு மேலும் பலர் கைது செய்யப்பட்டனர். அப்போது தலைமை ஆளுநராக இருந்த வில்லியம் பெண்டிங்கு பிரபுவும், சாகரில் தலைமை ஆளுநரின் முகவராக இருந்த எப். சி. ஸ்மித்தும் இம்முயற்சிக்கு ஆதரவு அளித்தனர். 1830-ஆம் ஆண்டில் ஸ்லீமன் கல்கத்தா இதழ் ஒன்றில் பெயர் குறிப்பிடாமல் எழுதிய கடிதம், தக்கரைப் பற்றிய செய்தியைப் பொதுமக்களிடமும் அரசின் உயர்மட்டத்திலும் கொண்டு சேர்த்தது.

தக்கர் தலைவர்களுள் பெயர் பெற்றவன் பெரிங்கியா. இவன் பலமுறை தப்பிச் சென்றதால், ஸ்லீமன் அவனுடைய தாய், மனைவி, குழந்தை ஆகியோரைக் காவலில் வைத்தார். குடும்பத்தைப் பிரிந்து அவன் வெகுதொலைவு செல்லமாட்டான் என்று அவர் கணித்தார். அக்கணிப்புச் சரியாக இருந்தது. 1830-இன் இறுதியில் பெரிங்கியா பிடிபட்டான். குற்றம் சாட்டப்படாத பெண்களையும் குழந்தையையும் பிணையாக வைத்த இச்செயல், ஸ்லீமனின் நடவடிக்கைகளுள் இன்றும் விமர்சிக்கப்படுவனவற்றுள் ஒன்றாகும்.

உயிர்ப்பிச்சை அளிக்கப்பட்டால் தனக்குத் தெரிந்த அனைத்தையும் கூறுவதாகப் பெரிங்கியா முன்வந்தான். அவனது கூற்றின் உண்மையைச் சோதிக்க அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சாகருக்கு அருகே சலோதா என்னும் ஊரின் மாந்தோப்பு ஒன்றில் ஸ்லீமன் தம் மனைவியுடன் கூடாரமடித்துத் தங்கியிருந்தபோது, அந்தத் தோப்பிலேயே முன்பு கொல்லப்பட்ட பயணிகளின் உடல்கள் இருப்பதாகப் பெரிங்கியா தெரிவித்தான். அவன் காட்டிய இடங்களைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஸ்லீமன் தம்பதியர் உறங்கிய கூடாரத்தின் அடியிலும் சவக்குழி இருந்தது. ஒவ்வொரு குழியிலும் இருப்பவர் யார், எப்போது கொல்லப்பட்டார் என்பதையும் அவன் விவரித்தான்.

புலனாய்வு முறை

சலோதாவில் கண்டதைப் போன்ற சான்றுகளைத் திரட்டுவதற்கு ஸ்லீமன் ஓர் ஒழுங்கான முறையை வகுத்தார். அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

பிடிபட்ட அப்ரூவர் ஒவ்வொருவரும் தாம் பங்கேற்ற அனைத்துப் பயணங்களையும் ஆண்டு வாரியாகக் கூறவேண்டும். உடன் வந்தவர்களின் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், கொல்லப்பட்டவர் எண்ணிக்கை, கொலை நடந்த இடம், கிடைத்த பொருள் ஆகியவை எழுதப்படும். எதையேனும் மறைத்தது பின்னர் தெரியவந்தால் உயிர்ப்பிச்சை செல்லாது.

அப்ரூவர்கள் தனித்தனியே விசாரிக்கப்பட்டனர். ஒரே பயணத்தைப் பற்றிப் பலர் கூறியவை ஒப்பிடப்பட்டன. புதிதாகப் பிடிபட்டவரை வெவ்வேறு அப்ரூவர்கள் தனித்தனியே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது.

வாய்ப்புள்ள இடங்களில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. காணாமற்போனவர்களின் உறவினர் வரவழைக்கப்பட்டு, கைப்பற்றப்பட்ட பொருட்களை அடையாளம் காணுமாறு கேட்கப்பட்டனர்.

தக்கர் குடும்பங்களின் வம்சாவளி அட்டவணைகள் தயாரிக்கப்பட்டன. யாருக்கு யார் உறவு, யார் இறந்துவிட்டார், யார் தலைமறைவாக உள்ளார் என்பன அவற்றில் குறிக்கப்பட்டன.

கொலைக்களங்கள் நிலப்படங்களில் குறிக்கப்பட்டன. அயோத்தி அரசின் எல்லைக்குள் மட்டும் இத்தகைய 274 இடங்கள் இனங்காணப்பட்டன.

தலைமறைவானவர்களைப் பற்றிய பதிவேடுகள் பல மாவட்டங்களிலும் சிற்றரசுகளிலும் இருந்த அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டன. அதனால் ஓரிடத்தில் கிடைத்த தகவலைக் கொண்டு நூற்றுக்கணக்கான கல் தொலைவில் உள்ளவரைக் கைது செய்ய முடிந்தது. புகைப்படமும் கைரேகைப் பதிவும் வழக்கத்துக்கு வராத காலத்தில், பெயர்களையும் உறவுகளையும் இடங்களையும் இணைத்து உருவாக்கப்பட்ட இப்பதிவுத் தொகுப்பு அன்றைய உலகில் அரிதான ஒன்றாகும்.

1836-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வெளிவந்த ரமாசியானா என்ற நூலில் தக்கரின் குழூஉக்குறிச் சொற்களையும், அப்ரூவர்களுடன் நடத்திய நீண்ட உரையாடல்களையும் ஸ்லீமன் தொகுத்தளித்தார். தக்கரைப் பற்றிய பிற்கால நூல்கள் பெரும்பாலும் இதனையே ஆதாரமாகக் கொண்டுள்ளன.

இம்முறையில் ஓர் அடிப்படைக் குறையும் இருந்தது. அப்ரூவரின் உயிர் அவர் காட்டிக்கொடுக்கும் செய்தியைப் பொறுத்து இருந்தது. பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளவோ, தம் பயனை நிலைநாட்டவோ பொய்யாகப் பெயர் சொல்லும் வாய்ப்பு எப்போதும் இருந்தது. தனித்தனி விசாரணையும் அடையாள அணிவகுப்பும் இதனைத் தடுக்கவே ஏற்படுத்தப்பட்டன. ஆயினும் ஒரே சிறையில் நெடுங்காலம் இருந்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை முழுமையாகத் தடுக்க இயலவில்லை. மண்ணில் கிடைத்த எலும்புகள் கொலை நடந்ததை மெய்ப்பித்தன. ஆனால் அக்கொலையில் இன்னார் பங்கேற்றார் என்பதற்குப் பெரும்பாலும் மற்றொரு கொலையாளியின் சொல்லே சான்றாக இருந்தது.

சட்டங்களும் தண்டனைகளும்

1835-இல் ஸ்லீமன் தக்கர் ஒழிப்புப் பணியின் பொதுக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். ஜபல்பூர் அவரது தலைமையிடமாயிற்று. பணி அயோத்தி, ஐதராபாத் உள்ளிட்ட பிற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1839-இல் கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்கும் பொறுப்பும் சேர்க்கப்பட்டு, தக்கர் மற்றும் கொள்ளையர் ஒழிப்பு ஆணையர் என்ற பதவி இவருக்கு வழங்கப்பட்டது.

1836-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டம் இப்பணியில் திருப்புமுனையாக அமைந்தது. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மெய்ப்பிக்கப்பட்டாலே, குறிப்பிட்ட கொலை எதிலும் பங்கு நிறுவப்படாவிட்டாலும், அவருக்குக் கடுங்காவலுடன் கூடிய ஆயுள் சிறை விதிக்க இச்சட்டம் வழிசெய்தது. சட்டம் இயற்றப்படுவதற்கு முன்னர் கூட்டத்தில் இருந்தவருக்கும் இது பொருந்தியது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் உள்ள எந்த மாவட்டத்திலும் வழக்கை விசாரிக்கலாம் என்றும் இச்சட்டம் கூறியது. தண்டனை பெற்றவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்ற தடையை 1837-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நீக்கியது. எட்டாவாவில் பெரி எதிர்கொண்ட தடைகள் இவ்வாறு சட்டத்தின் மூலம் அகற்றப்பட்டன.

1826 முதல் 1840 வரையிலான காலத்தில் 3,600-க்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. இவர்களுள் 460-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 1,500 பேர் நாடு கடத்தப்பட்டனர். 900-க்கும் மேற்பட்டோர் ஆயுள் சிறை பெற்றனர். விடுதலை செய்யப்பட்டோர் எண்ணிக்கை மிகக் குறைவு. தண்டனை பெற்ற பலரின் முகத்தில் தக் என்ற சொல் பச்சை குத்தப்பட்டது.

ஜபல்பூர் தொழிற்பள்ளி

அப்ரூவர்கள் தூக்குத் தண்டனையிலிருந்து தப்பினர்; ஆனால் விடுதலை பெறவில்லை. அவர்களும் அவர்களது குடும்பத்தினரும் ஜபல்பூரில் மதிற்சுவருக்குள் குடியமர்த்தப்பட்டனர். 1830-களின் இறுதியில் அங்கு தொழிற்பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. கூடாரம் தைத்தல், கம்பளம் நெய்தல் முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. தந்தையரின் தொழிலைப் பிள்ளைகள் அறியாமல் வளரவேண்டும் என்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. குற்றம் எதுவும் செய்யாத பிள்ளைகளும் இதனால் கண்காணிப்பின் கீழேயே வளர நேர்ந்தது.

பிற ஈடுபாடுகள்

1828-ஆம் ஆண்டில் ஜபல்பூருக்கு அருகே பாரா சிம்லா குன்றில் ஸ்லீமன் சில தொல்லுயிர் எலும்புகளைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கண்டெடுக்கப்பட்ட முதல் டைனோசர் எச்சங்கள் இவையே. 1877-இல் ரிச்சர்டு லைடெக்கர் இவ்விலங்குக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்.

1829-இல் ஸ்லீமன் பிரெஞ்சு வழிவந்த அமேலி என்பவரை ஜபல்பூரில் மணந்தார். அமேலியின் குடும்பத்தாருக்கு மொரீசியசில் கரும்புத் தோட்டம் இருந்தது. மொரீசியசிலிருந்து நல்ல வகைக் கரும்பைக் கொணர்ந்து நடு இந்தியாவில் பயிரிடும் முயற்சியிலும் ஸ்லீமன் ஈடுபட்டார். ஓநாய்களால் வளர்க்கப்பட்டதாகக் கூறப்பட்ட குழந்தைகளைப் பற்றி இவர் தொகுத்த குறிப்புகள் 1852-இல் சிறு நூலாக வெளிவந்தன. நாட்டுப்புற மக்களின் வாழ்க்கை, நம்பிக்கைகள், நிலவரி முறை ஆகியவற்றைப் பற்றிய இவரது பயண நினைவுகள் 1844-இல் இரு தொகுதிகளாக இலண்டனில் வெளியிடப்பட்டன.

குவாலியரும் லக்னோவும்

1843 முதல் 1849 வரை குவாலியரிலும், 1849 முதல் லக்னோவிலும் ஸ்லீமன் கம்பெனியின் ரெசிடெண்டாகப் பணியாற்றினார். பணிக்காலத்தில் இவர் மீது நடத்தப்பட்ட கொலை முயற்சிகளிலிருந்து உயிர் தப்பினார்.

1849-50-ஆம் ஆண்டுகளில் அயோத்தி அரசு முழுவதும் சுற்றுப்பயணம் செய்து, அங்கு நிலவிய சீர்கேடுகளைப் பற்றி விரிவான அறிக்கை அளித்தார். ஆனால் அந்த அரசைக் கம்பெனி தன் ஆட்சியுடன் இணைத்துக்கொள்வதை அவர் எதிர்த்தார். நிர்வாகத்தைச் சீர்படுத்தும் பொறுப்பை மட்டும் ஏற்கலாம் என்றும், அயோத்தியின் வருவாயைக் கம்பெனி தனக்கென எடுத்துக்கொள்ளலாகாது என்றும் கருதினார். இணைப்பு நிகழ்ந்தால் அயோத்தியிலிருந்து பெருமளவில் வந்திருந்த சிப்பாய்களிடையே கலகம் மூளும் என்றும் அவர் அஞ்சினார். அவரது அறிக்கையில் கூறப்பட்ட சீர்கேடுகள் இணைப்புக்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அவரது எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. 1856 பெப்ரவரியில் டல்ஹவுசி பிரபு அயோத்தியை இணைத்துக்கொண்டார். மறு ஆண்டே சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது.

மறைவு

1854-இல் உடல்நலம் குன்றியதால் ஸ்லீமன் லக்னோவை விட்டு நீங்கினார். 1856-இல் தாயகம் திரும்பும் வழியில், பெப்ரவரி 10 அன்று இலங்கைக் கடற்பகுதியில் கப்பலிலேயே காலமானார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான் சர் பட்டத்துக்குரிய விருது அவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

கொலைகளின் எண்ணிக்கை பற்றிய கருத்து வேறுபாடுகள்

தக்கரால் கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது தீர்க்கப்படாத வினாவாகவே உள்ளது. இருபது இலட்சம் என்ற எண் பல நூல்களில் காணப்படுகிறது. சராசரி ஒன்றைப் பல நூற்றாண்டுகளுக்குப் பெருக்கிப் பெறப்பட்ட இந்த எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 2005-இல் தக்கரைப் பற்றிய நூலொன்றை வெளியிட்ட மைக் டாஷ், குறைந்தது 50,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்.

பெஹ்ராம் என்ற அயோத்தித் தக்கன் 931 பேரைத் தன் கையால் கொன்றதாகச் சாதனைப் பட்டியல்களில் குறிக்கப்படுவதும் இத்தகையதே. 931 என்பது அவன் உடனிருந்ததாகச் சொல்லப்பட்ட கொலைகளின் எண்ணிக்கையாகும். ஏறத்தாழ 125 பேரையே தன் கையால் கொன்றதாக மற்றொரு வாக்குமூலத்தில் அவன் கூறியுள்ளான். அப்ரூவராக இருந்த அவன் தன் குற்றங்களைக் கூட்டிச் சொன்னானா, குறைத்துச் சொன்னானா என்பதை அறிய வழியில்லை. கொல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களும் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை.

வரலாற்றாளர்களின் மதிப்பீடு

நாடு முழுவதும் பரவிய, பரம்பரையாகத் தொடர்ந்த, காளிக்குப் பலியிடும் சமயக் குழுவாகத் தக்கரை ஸ்லீமனும் அவர் காலத்து எழுத்தாளர்களும் சித்தரித்தனர். ஐதராபாத் நிசாமிடம் பணியாற்றிய பிலிப் மெடோஸ் டெய்லர் 1839-இல் வெளியிட்ட ஒரு தக்கனின் ஒப்புதல் வாக்குமூலம் என்னும் புதினம் இச்சித்திரத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பியது. ஆங்கிலத்தில் முரடனைக் குறிக்கும் தக் என்ற சொல் இவ்வாறு இந்தியாவிலிருந்து சென்றதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கருத்து மறு ஆய்வுக்கு உள்ளாயிற்று. ஹிராலால் குப்தா 1959-இல் எழுதிய கட்டுரையிலும், ஸ்டூவர்ட் கார்டன் 1969-இல் எழுதிய கட்டுரையிலும் தக்கரை அக்கால அரசியல், பொருளியல் குழப்பங்களின் பின்னணியில் வைத்து விளக்கினர். தக்கரைப் பற்றிய சித்திரம் பெருமளவுக்குக் குடியேற்ற ஆட்சியின் கற்பனையே என்று கூறுவோரும் உள்ளனர். 2007-இல் வெளிவந்த கிம் வாக்னரின் ஆய்வு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை எடுக்கிறது. கொலைகளும் கூட்டங்களும் உண்மையானவை. ஆனால் அவை ஒரு சமயக் குழுவின் வழிபாட்டுச் செயல்கள் அல்ல, வறுமையும் படைக்கலைப்பும் நிலவிய சூழலில் வழங்கிய ஒருவகை வழிப்பறியே என்பது அவரது முடிவாகும்.

ஸ்லீமனைக் குறை கூறுவோரும் அவருக்கு ஒன்றை மறுப்பதில்லை. கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் ஊர் பேர் தெரியாத எளிய இந்தியப் பயணிகள். அவர்களுக்காக முறையிட எவரும் இல்லாதபோது, அவர்களது சாவு விசாரிக்கப்பட வேண்டியதே என்று விடாமல் வலியுறுத்தியவர் அவர். 1840-களுக்குள் தக்கர் கூட்டங்கள் பெரும்பாலும் ஒடுங்கின. அதே வேளையில், தவறாகக் காட்டிக்கொடுக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதும் கொலைகளின் எண்ணிக்கையைப் போலவே அறியமுடியாததாக எஞ்சியுள்ளது.

பின்விளைவுகள்

ஸ்லீமன் தலைமை வகித்த துறை தக்கர் ஒடுங்கிய பின்னரும் தொடர்ந்து இயங்கியது. 1904-இல் அதற்கு மாற்றாக நடுவண் குற்ற நுண்ணறிவுத் துறை ஏற்படுத்தப்பட்டது. இன்றைய இந்திய உளவுத் துறையின் வரலாறு இத்துறைகளுடன் தொடர்புடையது.

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 310, 311-ஆம் பிரிவுகள் தக் என்பவருக்கு வரையறையும் ஆயுள் தண்டனையும் வகுத்தன. தக்கர் மறைந்து நூற்றாண்டுக்கு மேலாகியும் இப்பிரிவுகள் சட்டத்தில் நீடித்தன. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை இடம்பெறவில்லை.

குற்றம் என்பது குடும்பத்தில் பரம்பரையாக வருவது என்ற கருத்தும், கூட்டத்தைச் சேர்ந்திருப்பதே குற்றம் என்ற கருத்தும் தக்கர் ஒழிப்புக் காலத்தில் வலுப்பெற்றன. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்துக்கு இவை முன்மாதிரியாக அமைந்தன என்று வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். இச்சட்டம் முழுச் சமூகங்களையும் குற்றவாளிகளாக அறிவித்து, அவர்களது பெயர்களைப் பதிவு செய்தது; அவர்களது நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. 1911-இன் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர் சென்னை மாகாணத்திலும் இது நடைமுறைக்கு வந்தது. மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் மீது இச்சட்டத்தைச் செயற்படுத்த முற்பட்டபோது, பெருங்காமநல்லூரில் மக்கள் கைரேகைப் பதிவுக்கு உடன்பட மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுவதும் 1952-இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

நினைவு

மத்தியப் பிரதேசத்தின் கட்னி மாவட்டத்தில் உள்ள ஸ்லீமனாபாத் என்ற ஊர் இவரது பெயரால் வழங்கப்படுகிறது. அயோத்திச் சுற்றுப்பயணத்தைப் பற்றி இவர் எழுதிய நாட்குறிப்பு, இவரது மறைவுக்குப் பின்னர் 1858-இல் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டது.